மார்மைட் போத்தலும் குன்னூர் எலிகளும்: எமது பெண்களின் இரத்தம் பற்றிய ஒரு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு வாசிக்கலாம். ஆனால் இப்போதுதான் சாப்பிட்டு முடித்தீர்கள் என்றால், ஒரு மணித்தியாலம் பொறுத்து அந்த பிளேன்டீயைக் குடியுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

சில வாரங்களுக்கு முன் காலைக் கூட்டத்தில் எங்கள் மாணவி ஒருத்தி நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை. தண்ணீர் கொடுத்து, உம்மாவுக்குக் கோல் எடுத்து வரச் சொன்னோம். அவர் வந்து சொன்ன முதல் வார்த்தை, "இவ எந்த நேரமும் தூக்கம்தான் டீச்சர், சரியான சோம்பல்." பிள்ளையின் கண் மடலை இறக்கிப் பார்த்தோம். உள்ளே சிவப்பே இல்லை. கேட்டபோது, மூன்று மாதமாக ஃபார்மசியில் வாங்கிய இரும்பு டானிக் கொடுத்து வருவதாகச் சொன்னார். "இரத்தம் டெஸ்ட் பண்ணினீங்களா?" என்றோம். "இல்ல டீச்சர். மூஞ்சி வெளுத்துப் போனா இரும்பு குடுக்கச் சொல்லித்தானே எல்லாரும் சொல்றாங்க?"

அவர் மேல் பிழை இல்லை. நாங்களும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்: வெளுப்பு என்றால் சோகை, சோகை என்றால் இரும்பு. அது பாதி உண்மை. மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடத்தில் எலிகளும் நாய்களும் குரங்குகளும் உயிரைக் கொடுத்தன. அந்தக் கதையின் நடுவில் ஏழை முஸ்லிம் பெண்கள் நிற்கிறார்கள். அதன் ஒரு கிளை எங்கள் வெள்ளவத்தை வரைக்கும் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இரும்பு: பழைய மருந்து

இரத்தத்துக்கு இரும்பு என்பது நேற்று வந்த யோசனை அல்ல. பாண்டு நோய்க்கு நாட்டு வைத்தியர்கள் அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்து வந்தார்கள். இரண்டும் இரும்பிலிருந்து செய்யப்படுபவை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோமஸ் சிடன்ஹாம் வெளுத்துப்போன இளம்பெண்களுக்கு இரும்பை மருந்தாகக் கொடுத்தார். 1832இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பியர் புளோ இரும்புக் குளிசை செய்து கொடுத்துப் பலரைச் சுகப்படுத்தினார். அந்தக் குளிசை அவர் பெயரிலேயே நூறு வருடத்துக்கும் மேலாக விற்பனையானது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான், ஒரு சின்ன ஆணியின் நிறை. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மூச்சில் எடுக்கும் ஒட்சிசனைத் தூக்கிக்கொண்டு உடம்பெல்லாம் ஓடுவது அதுதான். ஒரு தாய்க்குக் கர்ப்ப காலம் முழுவதற்கும் மேலதிகமாக ஏறக்குறைய 1 கிராம் இரும்பு தேவைப்படுகிறது. ஆகவே இரும்பு அவசியம், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இரும்பு மட்டும் போதுமா?

பால் குடித்த எலிகள்

1928இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பொக், வொடெல், எல்வெயெம் என்ற ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். குட்டி எலிகளுக்குப் பசுப்பாலை மட்டும் கொடுத்து வளர்த்தால் அவை வெளுத்துச் சோகை பிடிக்கும். பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் அதற்குப் பிறகு வந்தது. சுத்தமான இரும்பைப் பாலில் கலந்து கொடுத்தும் எலிகள் தேறவில்லை. ஈரலை எரித்த சாம்பலையும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தம் ஊறியது. அந்தச் சாம்பலில் இருந்தது என்ன என்று தேடிப் போனவர்கள் கண்டது செம்பு. மிக மிகச் சிறிதளவு செம்பு. அது இல்லாமல் எலியின் உடம்பு இரும்பைப் பயன்படுத்தி இரத்தம் ஆக்க முடியவில்லை.

(உடனே செம்புக் குடம் வாங்க ஓட வேண்டாம். மனிதருக்குச் செம்புக் குறைபாடு வருவது அபூர்வம். சாதாரண சாப்பாட்டிலேயே போதிய அளவு கிடைக்கிறது.)

அதே காலத்தில் ரொசெஸ்டர் நகரில் ஜோர்ஜ் விப்பிள் என்பவர் நாய்களின் இரத்தத்தை எடுத்துச் சோகையாக்கி, ஒவ்வொரு உணவாகக் கொடுத்து, எது இரத்தத்தை வேகமாகத் திருப்பித் தருகிறது என்று பார்த்தார். ஈரல் முன்னணியில் நின்றது. அந்த வழியைப் பின்பற்றி மைனொட், மர்ஃபி என்ற இருவர் சாவின் விளிம்பில் இருந்த சோகை நோயாளிகளுக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பு தனியாக வேலை செய்வதில்லை, அதற்குத் துணைகள் வேண்டும் என்பது இப்படித்தான் தெரிய வந்தது. அந்தத் துணைகளில் ஒன்றைத் தேடித்தான் அடுத்த பெண்மணி பம்பாய்க்கு வருகிறார்.

பம்பாயின் பெண்கள்

லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்தவர். தந்தையும் மூத்த சகோதரியும் அடுத்தடுத்துக் காலமான பிறகு, 1913இல் தாயுடன் எங்கள் இலங்கைக்கு வந்து உறவினர்களோடு தங்கிப் போனவர். அப்போது அவர் வைத்தியர் அல்ல. அதன் பின்னர்தான் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்து 1920இல் வைத்தியரானார்.

அக்காலத்தில் இந்தியாவில் பிரசவத்தில் தாய்மார் ஏராளமாக இறந்துகொண்டிருந்தார்கள். அதை ஆராய ஒரு விசாரணை தொடங்கியது. அதில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பெல்ஃபர் என்ற வைத்தியர் அழைக்க, 1928இல் லூசி வில்ஸ் பம்பாய் வந்து ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கினார்.

அவர் முன்னால் இருந்தவர்கள் கர்ப்பிணிகள், நெசவாலைத் தொழிலாளர் வட்டாரத்து ஏழைப் பெண்கள். வெளுத்து, மூச்சு வாங்கி, எழும்ப முடியாமல் கிடந்தார்கள். அவர்களில் பலருக்கு வந்தது இரும்புக் குறைவால் வரும் சோகை அல்ல. இரும்பு குறைந்தால் இரத்தத்தின் செங்குருதிக் கலங்கள் சிறுத்து, நிறம் மங்கிப்போகும். இந்தப் பெண்களின் இரத்தத்திலோ கலங்கள் வழமையை விடப் பெரிதாக, முதிராமல், எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. வெளியே பார்த்தால் இரண்டு நோய்க்கும் ஒரே முகம்தான்: வெளுப்பு, களைப்பு, நெஞ்சுப் படபடப்பு. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் இரண்டும் வேறு வேறு.

யாருக்கு இந்த நோய் அதிகம் வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று லூசி வில்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். வர்க்கத்துக்கு வர்க்கம், சமூகத்துக்குச் சமூகம் சாப்பாடு மாறியது, அதோடு நோயும் மாறியது. மிகக் குறைவான போஷாக்கு உள்ள சாப்பாடும், மிக அதிகமான சோகையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அது ஏழை முஸ்லிம் பெண்களிடம்.

இந்த வரியை முதல் முறை வாசித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அவர் கண்டது மார்க்கத்தின் குறையை அல்ல, வறுமையையும் அந்தப் பெண்களின் தட்டில் விழுந்ததையும்தான். ஆனாலும் அது எங்கள் உம்மும்மாமாரின் தட்டுப் போலவே இருந்தது.

குன்னூரில் அந்தத் தட்டு

தமிழ்நாட்டின் நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்துக்குள் ஒரு போஷாக்கு ஆய்வுகூடம் இருந்தது. 1918இல் ஒரே ஓர் அறையில் தொடங்கியது. அதை நடத்தியவர் ரொபர்ட் மெக்கரிசன். இந்தியாவின் வெவ்வேறு சமூகத்தவர் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர். சீக்கியர் சாப்பாட்டை, அதாவது கோதுமை ரொட்டி, பால், பருப்பு, மரக்கறியைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராசிச் சாப்பாடு கடைசி இடங்களில் நின்றது. சோறு தின்னும் எங்களுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

1929இல் லூசி வில்ஸ் இந்த ஆய்வுகூடத்துக்குப் போனார். பம்பாயின் முஸ்லிம் பெண்கள் சாப்பிட்ட அதே வகைச் சாப்பாட்டை வெள்ளை எலிகளின் தட்டில் வைத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. கருவுற்றிருந்த எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன.

அந்த வாயில்லாச் சீவன்கள் சொன்னதைக் கவனியுங்கள். பெண்கள் பலவீனமானவர்கள் என்பதோ, பிள்ளை பெறுவது என்றால் அப்படித்தான் என்பதோ, தலையெழுத்து என்பதோ அல்ல காரணம். அந்தச் சாப்பாட்டை யார் சாப்பிட்டாலும் அதுதான் நடக்கும். எலியே ஆனாலும்.

பிறகு அவர் உணவில் ஈஸ்டைச் சேர்த்துப் பார்த்தார். எலிகளுக்குச் சோகை வரவில்லை. விடை கிடைத்துவிட்டது போல இருந்தது. ஆனால் அப்போது ஒரு சிக்கல் தெரிந்தது. எலிகளில் பேன் இருந்தது. பேன் பரப்பும் தொற்றும் எலியின் இரத்தத்தைக் கெடுக்கும். அப்படியானால் சோகைக்குக் காரணம் சாப்பாடா, பேனா? முடிவில் சந்தேகம் விழுந்ததும் அவர் அதை மூடி மறைக்கவில்லை. ரீசஸ் குரங்குகளை வைத்து வேலையை மறுபடி செய்தார். குறைந்த சாப்பாட்டில் குரங்குகளுக்கும் சோகை வந்தது, ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறின. எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வது இந்தப் பேன் கதையைத்தான். உங்கள் விடையை நீங்களே சந்தேகிக்கத் தெரிந்தால்தான் அது விஞ்ஞானம்.

மலிவான போத்தல்

பம்பாயில் அதையே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழைக்குக் கட்டுப்படியாகும் மலிவான ஈஸ்ட் சாறு எது? 1902 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்த மார்மைட். ஆம், எங்கள் அலுமாரியில் இருக்கும் அதே கறுப்புப் போத்தல். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து கொடுப்போமே, அதே மார்மைட்.

பெண்கள் தேறினார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழும்பினார்கள். 1931இல் லூசி வில்ஸ் இதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் எது என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. உலகம் அதை "வில்ஸ் காரணி" என்று அழைத்தது. இன்னொன்றையும் அவர் அவதானித்தார். சுத்திகரிக்காத ஈரல் சாறு இந்தப் பெண்களைச் சுகப்படுத்தியது, நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு சுகப்படுத்தவில்லை. அதாவது மைனொட்டின் நோயாளிகளைப் பிழைக்க வைத்த பொருள் வேறு, இது வேறு. பிற்காலத்தில் அது விற்றமின் பி12 என்றும், இது ஃபோலிக் அமிலம் என்றும் தெரிய வந்தது.

1941இல் அமெரிக்காவில் நான்கு தொன் கீரையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான இலத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபோலிக் என்ற பெயரே வந்தது. 1945இல் அதை ஆய்வுகூடத்தில் செய்து முடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்களைக் காவு கொண்டது. அந்த நோயில் குடல் ஃபோலிக் அமிலத்தை உறிஞ்ச முடியாமல் போய் இரத்தம் கெடும். தன் வீட்டில் சாவை வைத்த நோய்க்கான மருந்தைத்தான் அவர் கடல் கடந்து போய்ச் செய்து முடித்தார். 1948இல் அங்கேயே காலமானார்.

வெள்ளவத்தை ஆலையும் மலேரியாவும்

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். இன்று ஹெவ்லொக் சிட்டி கட்டடங்கள் உயர்ந்து நிற்கும் இடத்தில் முன்னர் இருந்தது வெள்ளவத்தை நெசவாலை. பம்பாயைப் போலவே இங்கும் நூலும் தறியும் ஏழைத் தொழிலாளர்களும். 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதன் முன்னணியில் கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன போன்ற இளம் இடதுசாரிகள் நின்றார்கள். சூரியமல் இயக்கத்தை நடத்தியதும் இதே வட்டத்தினர்தான். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் டொரீன் விக்கிரமசிங்கவும் அதில் இருந்தார்கள்.

அடுத்த வருடமே, 1934இன் கடைசியில், நாட்டை மலேரியா வாரிக்கொண்டு போனது. கேகாலை, குருநாகல் பக்கங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மலேரியாக் கிருமி செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். ஏற்கெனவே பட்டினியில் கிடந்த உடம்புக்குப் புதிய இரத்தம் ஆக்கச் சத்து இல்லை. குயினைன் காய்ச்சலை விரட்டும், ஆனால் வெறும் வயிற்றை நிரப்பாது.

இதை விளங்கிக்கொண்ட சூரியமல் தொண்டர்கள் கிராமங்களுக்கு மருந்தோடு உணவும் கொண்டுபோனார்கள். அவர்கள் கொடுத்தவற்றில் மார்மைட்டும் ஒன்று. பம்பாயில் பெண்களைத் தேற வைத்த அந்தப் பொருள், நாலைந்து வருடங்களுக்குள் இங்கே மெலிந்த உடம்புகளைத் தேற்ற வந்தது. என். எம். பெரேரா பருப்பு விநியோகித்ததால் சிங்கள மக்கள் அவரைப் "பருப்பு மாத்தயா" என்றே அழைத்தார்கள். பருப்பிலும் இரும்பு உண்டு, ஃபோலிக் அமிலமும் உண்டு. அந்தப் பட்டப்பெயருக்குள் எவ்வளவு பெரிய மருத்துவம் இருக்கிறது பாருங்கள்.

உள்ளங்கையில் இரண்டு குளிசை

இன்று கிளினிக்கில் எமது பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இந்த இரண்டு வரலாறுகளின் முடிவு. ஒன்று அயச் செந்தூரத்திலிருந்து வந்த பாதை, மற்றது பம்பாயின் முஸ்லிம் பெண்களிலிருந்தும் குன்னூர் எலிகளிலிருந்தும் வந்த பாதை. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் பிள்ளையின் முள்ளந்தண்டு, மூளைக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என்பதை 1991இல் வெளிவந்த ஒரு பெரிய பிரித்தானிய ஆய்வு நிரூபித்தது. ஆகவே கலியாணம் முடித்த பிள்ளைகள், "கர்ப்பம் உறுதியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம்.

அந்தக் குளிசைகள் எத்தனை வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். "வயிறு இறுகுது", "மலம் கறுப்பாப் போகுது", "வாந்தி வருது" என்பார்கள். மலம் கறுப்பது இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம். மற்றவற்றுக்கு மிட்வைஃபிடம் சொல்லுங்கள், எடுக்கும் நேரத்தை மாற்றித் தருவார். சொல்லாமல் வீச வேண்டாம்.

தேத்தண்ணிக்கு வருகிறோம். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கிறது. தேசிக்காய்ப் புளி அதற்கு நேர்மாறு, உள்ளே போக உதவுகிறது. செலவில்லாத மருந்து இது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெளுப்புக்கு மூன்றாவது ஒரு காரணம் எங்கள் நாட்டில் இருக்கிறது: தலசீமியா. பரம்பரையாக வருவது, இரும்புக் குறைவு போலவே கலங்களைச் சிறிதாகக் காட்டும். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த நோய் உள்ளவருக்கு ஏற்கெனவே உடம்பில் இரும்பு தேங்கும். சோதிக்காமல் டானிக் மேல் டானிக் கொடுப்பது கெடுதி. எஃப்.பி.சி. என்ற சாதாரண இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். கலங்களின் அளவைச் சொல்வது அதுதான். வழமையாக 80 முதல் 100 வரை. அதைப் பார்த்துத்தான் வைத்தியர் எந்தப் பக்கம் தேடுவது என்று தீர்மானிக்கத் தொடங்குகிறார். லூசி வில்ஸ் நுணுக்குக்காட்டியில் கண்ட அந்தப் பெரிய கலங்கள் இன்று உங்கள் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணாக வருகின்றன.

அந்த மாணவிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ரிப்போர்ட் வந்தது, வைத்தியர் பார்த்தார். என்ன நோய் என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை. டானிக் நின்றது, வேறு மருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறோம். போன கிழமை அவள் காலைக் கூட்டத்தில் கடைசி வரை நின்றாள். உம்மா இப்போது சோம்பல் என்று சொல்வதில்லை.

எங்கள் வீடுகளில் இன்னும் ஒரு பழக்கம் மாறவில்லை. வாப்பாவும் நானாமாரும் சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதை உம்மா சாப்பிடுகிறார். ஈரல் துண்டும் மீன் துண்டும் அதற்குள் முடிந்திருக்கும். ஆணமும் சோறும் மட்டும் இருக்கும். குன்னூரில் எலியின் தட்டில் வைக்கப்பட்டது ஏறக்குறைய அப்படியான சாப்பாடுதான்.

இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசித் தட்டு யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். நல்ல துண்டை அந்தத் தட்டுக்கு முதலில் எடுத்து வையுங்கள்.

பிரயோசனமாக இருந்தால் குடும்ப குரூப்களில் பகிருங்கள், குறிப்பாக ஆண்கள் உள்ள குரூப்களில். எமது தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக.